கோப்பிக்கு எழுதிய மருந்துத் துண்டு

சித்திரை வருடப் பிறப்பன்று எங்கள் பக்கத்தில் வெடி எப்போது வெடிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பஞ்சாங்கம் மாதிரி வருகிற நெக்கத் தாளில் சுபநேரம் எல்லாம் நிமிடத்தோடு அச்சாகியிருக்கும். வருடம் பிறக்கும் நிமிடம், அடுப்பு மூட்டும் நிமிடம், முதல் வாய் சோறு சாப்பிடும் நிமிடம். அந்த நிமிடம் வந்ததும், கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் அம்பிட்டிய முழுவதும் ஒரே நேரத்தில் சீனவெடியைக் கொளுத்திப் போடும். பயந்த நாய் வைத்திருக்கிறவனுக்கு இது பெரிய வசதி என்று நான் நினைத்தேன். பயம் எத்தனை மணிக்கு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று கணக்குப் பார்க்கலாம் அல்லவா? அப்படிக் கணக்குப் பார்த்த மேதாவி நான்தான்.

என் பெயர் சுவக்கின். பிலிமத்தலாவையில் ஒரு பாமசியில் முப்பத்தொரு வருடமாக மருந்து கொடுக்கிறேன். டாக்டர்மார் மருந்துத் துண்டில் எழுதியதை அவர்களாலேயே வாசிக்க முடியாதபோது நான் வாசித்துவிடுவேன். அந்தத் துண்டை நீட்டுகிற விதத்தைப் பார்த்தே ஆளுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன். இந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு. வீட்டில் நானும் மனைவி கத்தரீனாவும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. நாலு வருடத்துக்கு முன்பு, பஸ் தரிப்பிடத்தில் மழையில் நனைந்து நின்ற ஒரு குட்டியை அவள் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தாள். நிறத்தைப் பார்த்துக் கோப்பி என்று பெயரும் வைத்தாள். எனக்கு நாய் என்றால் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒரு மாதத்துக்குள் பாமசியிலிருந்து வரும்போது மீன் வைத்துச் சுட்ட பணிஸ் ஒன்று கூடுதலாக வாங்கி வரத் தொடங்கிவிட்டேன்.

கோப்பிக்கு இடி என்றால் பயம், வெடி என்றால் உயிரே போய்விடும். போன வருடம் வருடப் பிறப்பன்று முதல் வெடி கேட்டதும் கேற்றின் கீழ் இடுக்கில் உடம்பைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டது. மூன்று நாள் கத்தரீனா வீட்டில் இருக்கவில்லை. சேர்ச் பக்கம், குளத்துப் பக்கம், சந்திக் கடைகள் என்று செருப்புத் தேய நடந்தாள். மூன்றாம் நாள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பேச்சியம்மா என்கிற ஒருத்தி போன் பண்ணினாள். நாயின் கழுத்துப் பட்டியில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்திருக்கிறாள். போய்ப் பார்த்தபோது நாலு பாதமும் தோலுரிந்து, லயத்துக் கோடிப்புறத்தில் சாக்குக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது.

தூக்கிக்கொண்டு வரும்போது ஆட்டோவில் கத்தரீனா சொன்னாள். "அடுத்த வருசம் இவன் ஓடினான்னா திரும்பி வரமாட்டான். அதுக்கு முந்தி நீங்கதான் ஏதாவது பண்ணணும். நீங்க மருந்து தெரிஞ்ச ஆளு."

மருந்து தெரிந்த ஆள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வருடம் பெப்ரவரிக் கடைசியில், லீவு போட்டுவிட்டு, கோப்பியைக் கண்டி டவுனில் ஒரு மிருக டாக்டரிடம் கூட்டிப்போனேன். கத்தரீனாவுக்கு அன்று காய்ச்சல், அவள் வரவில்லை. டாக்டர் லோஜினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயது இருக்குமோ என்னவோ. மேசையில் ஏற்றாமல், தானே தரையில் உட்கார்ந்து நாயைப் பார்த்தாள். என்னிடம் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டாள். எப்போது நடுங்கும், எங்கே ஒளியும், சாப்பிடுமா, மூத்திரம் போகுமா. இவ்வளவு கேள்வி எதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"அங்கிள், இவருக்கு ரெண்டு மருந்து வேணும்," என்றாள். "ஒண்டு ஒவ்வொரு நாளும் குடுக்கிறது. உடனை வேலை செய்யாது, ஆறு கிழமை, ஒண்டரை மாசம் செல்லும். மற்றது வெடி நாளிலை மட்டும், ரெண்டு மணித்தியாலம் முந்திக் குடுக்கிறது. இப்பவே துவங்கினாத்தான் வருசப் பிறப்புக்குச் சரியா வரும். அதோடை வெடிச் சத்தத்தைப் போனிலை மெல்லமாப் போட்டு, சாப்பாடு குடுத்துப் பழக்குங்கோ."

துண்டை வாங்கிப் பார்த்தேன். முதல் மருந்தின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"டாக்டர், இது மனுசருக்குக் குடுக்கிற மாத்திரையாச்சே. மனசு சரியில்லாதவங்களுக்கு."

"ஓம், அதேதான். அளவுதான் வேறை."

"அன்னைக்கு மட்டும் அசந்து கிடக்கிற மாதிரி ஒண்ணு இருக்கே. அதைத் தந்தா என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். "அது வேண்டாம் அங்கிள். அது உடம்பை மட்டும்தான் கட்டிப்போடும். ஓட ஏலாது, ஆனா சத்தம் எல்லாம் கேக்கும், பயமும் அப்பிடியே உள்ளுக்கு இருக்கும். சில நாய்களுக்குச் சத்தம் முந்தியைவிடக் கூடக் கேக்கும். வெடிப் பயத்துக்கு நான் அதை எழுதுறேல்லை."

இதை எல்லாம் நான் கேட்டேன். கேட்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. சரி டாக்டர் என்று சொல்லி, துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கத்தரீனா படுக்கையிலிருந்தே கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கு மட்டும் ஒரு மாத்திரை குடுத்தா போதுமாம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க என் பாமசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை வாங்க வருகிறவர்கள் மற்ற ஆட்கள் போகும்வரை கண்ணாடி அலுமாரியில் உள்ள பால்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். துண்டைச் சின்னதாக மடித்துக் கொடுப்பார்கள். தங்கச்சிக்கு என்பார்கள், சித்திக்கு என்பார்கள். நாங்களும் சரி சரி என்று கவரில் போட்டு, மேலே காலை ஒன்று என்று மட்டும் எழுதிக் கொடுப்போம். மருந்தின் பெயரை எழுதுவது எங்கள் கடையில் வழக்கமில்லை. ஆள் படியிறங்கியதும் என்னோடு வேலை செய்கிற நிரோஷா புருவத்தை உயர்த்துவாள், நான் உதட்டைப் பிதுக்குவேன். அவ்வளவுதான், அந்த வீட்டைப் பற்றி எங்களுக்குள் ஒரு முடிவு வந்துவிடும். பஸ்ஸில் அந்த வீட்டு ஆளைக் கண்டால் ஒரு மாதிரிப் பார்ப்போம். முப்பத்தொரு வருடம் இதைச் செய்தவன் நான்.

அந்தத் துண்டை நானே நிரோஷாவிடம் நீட்டினால்? நாய்க்கு என்று சொல்லலாம். ஆனால் சித்திக்கு என்கிறவர்களையே நாங்கள் நம்புவதில்லை, நாய்க்கு என்றால் யார் நம்புவது? கண்டி டவுனில் வேறு பாமசி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. போயிருக்கலாம். நான் போகவில்லை. துண்டு ஒரு கிழமை சட்டைப் பையில் இருந்தது, பிறகு அதைக் கிழித்து பஸ் ஜன்னலால் போட்டேன்.

எங்கள் பாமசிக்கு நாலு கடை தள்ளி மாட்டுத் தீனியும் கோழி மருந்தும் விற்கிற சுதேஷிடம் கேட்டேன். நாய்களை வேனில் ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போகிறவர்கள் வாங்குகிற மாத்திரை அவனிடம் இருந்தது. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன அதே மருந்து. "குடுத்துப் பாருங்கண்ணே, தூக்கிப் போட்டாலும் அசையாது," என்றான். எங்கள் கடையில் கவர் ஒன்று எடுத்து, மாத்திரைகளைப் போட்டு, மேலே 'கோப்பி — ஒன்று' என்று என் கையாலேயே எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கத்தரீனா அதை வாங்கி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு என் கையெழுத்தில் அவ்வளவு நம்பிக்கை.

வருடப் பிறப்பன்று எல்லாம் கணக்குப்படி நடந்தது. ஒன்பது பன்னிரண்டுக்கு வருடம் பிறக்கிறது. எட்டு மணிக்கு மீன் பணிஸில் மாத்திரையைப் புதைத்து நீட்டினேன். என் கையிலிருந்து எதைக் கொடுத்தாலும் கோப்பி மோந்துகூடப் பார்க்காது, அப்படியே வாங்கிக்கொள்ளும். முக்கால் மணித்தியாலத்தில் பின்கால்கள் தள்ளாடின. அறைக்குள் பாயில் சரிந்து படுத்தது. கண்ணின் மூலையிலிருந்து ஒரு தோல் பாதிக் கண்ணுக்கு ஏறியிருந்தது. கேற்றைப் பூட்டக்கூட இல்லை, அவ்வளவு தெம்பு எனக்கு.

ஒன்பது பன்னிரண்டுக்கு மலை அதிர்ந்தது. கீழ் வீட்டில் ஆயிரம் வெடிச் சரம், மேல் வீட்டில் அதைவிடப் பெரியது. நான் கதவடியில் நின்று கோப்பியைப் பார்த்தேன். ஒரு கால் அசையவில்லை. குரைப்பு இல்லை, ஊளை இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. போனை எடுத்து ஒரு படம் பிடித்து சுதேஷுக்கு அனுப்பினேன். கெட்டிக்காரர் நீங்கள் என்று பதில் போட்டிருந்தான்.

கத்தரீனா பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இவன் தூங்கல."

"அசையவே இல்லியே, பாரு."

"அசைய முடியல. அதான் அசையல. நெஞ்சில கைய வச்சுப் பாருங்க."

நான் வைக்கவில்லை. "மருந்து வேலை செய்யுது கத்தரீனா. நீ அதைத் தொந்தரவு பண்ணாம இரு."

"கண்ணைப் பாருங்க. என்னையே பாக்குறான்."

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கொக்கிஸ் பலகாரம் வைத்த தட்டோடு வந்தாள். நான் முன்னறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கொக்கிஸைக் கடித்துக்கொண்டு, எங்கள் நாய் இந்த வருடம் எவ்வளவு அமைதி என்று அவளிடம் அளந்துகொண்டிருந்தேன். கத்தரீனா வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போன பிறகு உள்ளே போனால், பாய் நனைந்து வாடை அடித்தது. கோப்பி படுத்தபடியே மூத்திரம் போயிருந்தது. கத்தரீனா அதன் மேல் குனிந்து இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் சட்டையும் நனைந்திருந்தது.

"இன்னொரு வெடி இருக்கு, அடுப்பு மூட்டுற நேரத்துக்கு," என்றேன். "அதுக்கு இன்னும் அரை மாத்திரை குடுத்தா நல்லா தூங்கிரும்."

"வேணாங்க."

"உனக்கு மருந்தைப் பத்தி என்ன தெரியும்?"

அப்படித்தான் கேட்டேன். அரை மாத்திரையோடு குனிந்தபோது கோப்பி என் கையைக் கண்டது. தலையைத் திருப்பப் பார்த்தது, திரும்பவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் ஆடியது. நான் வாயைத் திறந்து நாக்கின் பின்பக்கத்தில் வைத்து, வாயை மூடிப் பிடித்துக்கொண்டேன். இதை எழுதும்போது என் கையைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

அன்று கோப்பி எங்கேயும் ஓடவில்லை. கத்தரீனா பயந்தது நடக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அதை ஒரு தடவை சொல்லியும் காட்டினேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் கால்கள் நேரானதும் கோப்பி அறையிலிருந்த பெரிய அலுமாரிக்குக் கீழே புகுந்தது. அதன் பிறகு வெளியே வரவில்லை என்றே சொல்லலாம். போன வருடம் வெடிக்கும் இடிக்கும் மட்டும் நடுங்கிய நாய், இப்போது குக்கர் விசில் அடித்தால் நடுங்கியது, கேஸ் அடுப்பைத் தட்டினால் நடுங்கியது, தெருவில் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் செய்தால் நடுங்கியது. மீன் பணிஸைக் கொண்டுபோய் நீட்டினேன். என் கையைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூத்திரம் விட்டது. கத்தரீனா நீட்டினால் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டது. நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றேன். மருந்துக் கழிவு உடம்பில் இருக்கும் என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

எட்டாம் நாள் நான் வேலையால் வந்தபோது கத்தரீனா முன்னறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே கட்டிக்கொண்டு போகிற சேலையை மாற்றியிருக்கவில்லை. மடியில் இரண்டு மாத்திரைக் கவர் இருந்தது, எங்கள் கடைக் கவர் அல்ல.

"ஆட்டோ பிடிச்சு கோப்பியை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன்," என்றாள்.

நான் செருப்பைக் கழற்றாமலே நின்றேன்.

"அந்தப் புள்ள என்னைக் கேக்குது, பெப்ரவரியில எழுதிக் குடுத்ததைக் குடுக்கலியான்னு. நான் அன்னைக்கு மட்டும் ஒரு மாத்திரைதானே சொன்னீங்கன்னேன். அது என்னைய ஒரு மாதிரிப் பாத்துச்சு. எனக்கு எங்க முகத்தை வச்சுக்கிறதுன்னு தெரியல."

"அது வந்து, கத்தரீனா..."

"இனிப் பயம் குறைய இன்னும் ரொம்ப நாள் செல்லுமாம். முந்தியே தொடங்கியிருந்தா லேசாம். ஏன் குடுக்கல?"

ஏதாவது சொல்லிப் பூசி மெழுகலாம் என்று பார்த்தேன். அவள் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் உண்மை வாயில் வந்தது. "அது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிற மாத்திரை. கடையில வாங்கினா என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனப்பாங்க?"

"உனக்குன்னு நெனப்பாங்க."

"எனக்குன்னு," என்று அவள் திருப்பிச் சொன்னாள். மடியில் இருந்த கவர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள், திரும்பப் பிரித்தாள். அவள் எதை யோசிக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கேள்வி வரக்கூடாது என்று உள்ளுக்குள் செபம் சொன்னேன்.

"அப்ப, பாப்பா போனப்புறம் எனக்கு எழுதினாங்களே. அது?"

பதினெட்டு வருடத்துக்கு முந்திய கதை அது. ஏழாம் மாதத்தில் எங்கள் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை. அதற்குப் பிறகு கத்தரீனாவால் வாசல் தாண்ட முடியவில்லை. பைப்படிக்குப் போனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு லேடி டாக்டர் பொறுமையாகக் கேட்டு, தினமும் எடுக்கச் சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். பாமசியில் வேலை செய்கிற புருசன் இருக்கும்போது வரிசையில் நிற்பானேன் என்று துண்டை நான் வாங்கிக்கொண்டேன். கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே அப்போது என்னோடு இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். துண்டை வெளியே எடுக்கவில்லை. தடிமல், சளிக்குக் கொடுக்கிற மஞ்சள் மாத்திரையைக் கவரில் போட்டு, இரவு ஒன்று என்று எழுதி அவளிடம் கொடுத்தேன். அதைக் குடித்தால் தூக்கம் வரும். ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தேன். அவள் பேச்சுமூச்சில்லாமல் படுத்துக் கிடந்தாள். கத்தரீனா தேறிவிட்டாள் என்று எல்லோருக்கும் சொன்னேன், நானும் நம்பினேன்.

"எழுதினதைத்தான் குடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்துத் துண்டை இனி யார் தேடப்போகிறார்கள்? அவள் நம்பக்கூடியவள்தான்.

"இல்ல," என்றேன்.

"வேற என்ன குடுத்தீங்க?"

"தடிமல் மாத்திரை."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எல்லாம் கேட்டுச்சுங்க," என்றாள். "கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பேன், எல்லாம் கேக்கும். கீழ் வீட்டுப் புள்ள அழுகுறது கேக்கும். நீங்க வாசல்ல நின்னு யார்கிட்டயோ அவ தேறிட்டான்னு சொல்றது கேக்கும். எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லணும்னு இருக்கும். கை கால் வராது." முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டாள். "டாக்டர் குடுத்த மருந்தைக் குடிச்சும் இப்பிடி இருக்கேனே, அப்ப நான் மருந்துக்கும் சரிவராத ஒருத்தின்னு நெனச்சேன். இன்னொரு டாக்டர்கிட்ட போகலாம்னு கேக்கக்கூட எனக்குத் தோணல. இத்தனை வருசமா அப்பிடியே நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவளுக்கு இன்றைக்கும் தனியாக பஸ் ஏற முடியாது. கோவிலுக்குப் போனாலும் கடைசி வாங்குப் பலகையில், கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். அது அவள் சுபாவம் என்று நான் சொல்லி வந்திருக்கிறேன். போன வருடம் நாயைத் தேடி மூன்று நாள் எப்படித் தெருத் தெருவாக நடந்தாள், இன்றைக்கு எப்படித் தனியாக ஆட்டோவில் டவுனுக்குப் போய் வந்தாள் என்று அப்போதுதான் யோசித்தேன். கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன், அதுவும் வரவில்லை. பெரிய வாய்தான் எனக்கு, அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

கத்தரீனா எழும்பி அறைக்குள் போனாள். கவரிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து, பொரித்த மீன் துண்டில் வைத்தாள். சேலையோடு தரையில் நீட்டிப் படுத்து, கையை அலுமாரிக்குக் கீழே விட்டாள். "வா கண்ணு, அம்மாதான்," என்றாள். கொஞ்ச நேரத்தில் கோப்பியின் மூக்கு தெரிந்தது, பிறகு மெல்லுகிற சத்தம் கேட்டது.

நானும் அவளுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். மெல்லுகிற சத்தம் நின்றது. உள்ளே நகம் தரையில் உரசி, உடம்பு பின்னால் சுவரில் முட்டியது.

"நீங்க அங்கிட்டுப் போங்க," என்றாள் கத்தரீனா, என்னைப் பார்க்காமல்.

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். திரும்ப மெல்லுகிற சத்தம் கேட்கும்வரை அங்கே நின்றுகொண்டிருந்தேன்.